முதுகு வலியோடு முதல் பைக்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இது. வயது 34, உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், எடை 72 கிலோ. இரண்டு வருடத்துக்கு முன் இடுப்பில் எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கி மூன்று மாதம் படுக்கையில் கிடந்தவர். இப்போது வலி அடங்கிவிட்டது; ரொம்ப நேரம் உட்கார்ந்தால் மட்டும் இடுப்பு பிடிக்கிறது. மேடவாக்கத்திலிருந்து கிண்டிக்குத் தினமும் போய்வர வேண்டும். இதுவரை வண்டியே ஓட்டியதில்லை. ஆபீஸில் பாதிப்பேர் ஸ்கூட்டர் வாங்கச் சொல்கிறார்கள், மீதிப்பேர் புல்லட் வாங்கச் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் இல்லை. இருபத்திரண்டு வருடமாக டூவீலர் பட்டறை வைத்திருப்பவன். எனக்கும் டிஸ்க் பிதுங்கியது. அதற்கு அப்புறமும் ஒன்பது வருடமாகத் தினமும் வண்டியில்தான் போகிறேன். அதனால் வண்டிப் பக்கத்தைத் தைரியமாகச் சொல்வேன், உடம்புப் பக்கத்தில் பட்டதை மட்டும் சொல்வேன்.

டாக்டரிடம் "வண்டி ஓட்டலாமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "பார்த்து ஓட்டுங்க" என்பதோடு முடிந்துவிடும். தொடர்ந்து முக்கால் மணி நேரம் உட்காரலாமா, தூக்கிப்போடுகிற ரோட்டில் போகலாமா, பாதத்தில் பலம் முழுதாகத் திரும்பிவிட்டதா என்று பிரித்துக் கேளுங்கள். மூன்றாவது கேள்வி உங்களுக்கு ரொம்ப முக்கியம். எல்4-எல்5 இடத்தில் டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் நசுங்குவது எல்5 நரம்பு. பாதத்தையும் கட்டைவிரலையும் மேலே தூக்குகிற வேலை அந்த நரம்புடையது. கியர் லிவருக்கு அடியில் விரலை விட்டுத் தூக்குவதும் அதே அசைவுதான். உங்களுக்குப் பாதிப்பு எந்தக் காலில் என்று எழுதவில்லை. இடது கால் என்றால் குதிகாலால் அழுத்துகிற பின் லிவரும் உள்ள வண்டியாகப் பாருங்கள். விரலால் தூக்க வேண்டிய இடத்தில் குதிகாலால் அழுத்திக்கொள்ளலாம். வலது கால் என்றால் பின் பிரேக் அந்தக் காலில் இருக்கிறது. பலம் குறைவாக இருக்கும்வரை கியர் வண்டியே வேண்டாம்.

சரி, வண்டிக்கு வருவோம். முதுகு வலி என்றதும் எல்லோரும் சீட் மெத்தென்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு. உட்கார்ந்தபடியே, ஹேண்டில் பாரைப் பிடித்து இழுக்காமல், இரண்டு ஃபுட்ரெஸ்ட்டையும் மிதித்து சீட்டிலிருந்து ஓர் அங்குலம் எழும்ப முடிகிறதா? முடிந்தால் அந்த வண்டியை மேற்கொண்டு யோசிக்கலாம். முடியாவிட்டால் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஏன் என்றால், பள்ளத்தில் விழுகிற அடி எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். டயர் கொஞ்சம் வாங்கும், ஷாக் அப்சார்பர் கொஞ்சம் வாங்கும், சீட் கொஞ்சம். மிச்சம் உங்களுக்குத்தான். கால் மடங்கி, பாதம் இடுப்புக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே இருந்தால் அந்த மிச்சத்தை முழங்காலும் தொடையும் வாங்கிக்கொள்ளும். கால் முன்னால் நீண்டிருந்தால் நேராக வால் எலும்பில் ஏறி முதுகுத்தண்டு வழியாக மேலே போகும். அதுவும் உட்கார்ந்திருக்கும் உடம்பில் முதுகு அதிகமாகக் குலுங்குவது நொடிக்கு 4 முதல் 6 தடவை ஏறி இறங்குகிற அதிர்வில். நம் ஊர் ஒட்டுப்போட்ட ரோட்டில் மெதுவாகப் போகும்போது கிடைப்பது ஏறக்குறைய அந்த மாதிரிக் குலுக்கல்தான்.

இந்தக் கணக்கு தெரியாமல் நானே ஏமாந்தேன். டிஸ்க் வந்த புதிதில், சாய்ந்து உட்காரலாமே என்று காலை முன்னால் நீட்டி ஓட்டுகிற க்ரூஸர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். ஷோரூமில் சோஃபா போல இருப்பவை அந்த ரக வண்டிகள். நாலாவது நாள், கவனிக்காமல் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றிவிட்டேன். எழும்பவும் வழியில்லை, இடுப்பு ஏற்கெனவே கூன் போட்டு வளைந்திருக்கிறது. அடி விழுந்த இடத்தில் கண் இருட்டியது. மூன்று வாரம் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பையன்களுக்கு வேலை சொன்னேன். அந்த வண்டியை வாங்கின விலைக்கே தள்ளிவிட்டது என் அதிர்ஷ்டம்.

ஸ்பீடு பிரேக்கர் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இந்தியச் சாலைப் பேரவையின் அளவுப்படி வட்ட மேடு வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்குவதற்கான கணக்கு அது. உங்கள் தெருவில் இருப்பதை ஒரு நாள் அளந்து பாருங்கள்.

ஸ்கூட்டரைப் பற்றி. உங்கள் ஆபீஸ்காரர்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. எடை குறைவு, கியர் இல்லை, பையைக் காலடியில் வைக்கலாம், புதிதாகக் கற்பவருக்குப் பயம் இல்லை. ஆனால் மூன்று விஷயம் இடிக்கிறது. ஒன்று, கால் தட்டையாக முன்னால் இருக்கிறது, எழும்ப முடியாது. இரண்டு, சக்கரம் சின்னது. ஆக்டிவா, ஆக்சஸ் போன்றவற்றில் முன்னே 12 அங்குலம், பின்னே 10 அங்குலம். டயரோடு சேர்த்து அந்தப் பின் சக்கரத்தின் குறுக்களவு சுமார் 43 சென்டிமீட்டர். 18 அங்குல பைக் சக்கரம் டயரோடு 62 சென்டிமீட்டர் வரும். ஒரே பள்ளத்தில் சின்னச் சக்கரம் உள்ளே இறங்கி ஏறும், பெரிய சக்கரம் மேலாகக் கடந்துவிடும். மூன்றாவதை யாரும் சொல்வதில்லை. பெட்ரோல் ஸ்கூட்டரில் இன்ஜினும் பின் சக்கரமும் ஒன்றாகச் சேர்ந்தே ஏறி இறங்கும். அவ்வளவு கனம் ஷாக்குக்குக் கீழே தொங்கும்போது, அடியை ஷாக் விழுங்குவதற்குள் பாதி மேலே வந்துவிடுகிறது. பைக்கில் இன்ஜின் ஃபிரேமில் உட்கார்ந்திருப்பதால் சக்கரம் மட்டும் லேசாக ஆடிக்கொள்ளும்.

கால் பலம் போதாமல் ஸ்கூட்டர்தான் என்று ஆகிவிட்டால், இரண்டு பக்கமும் 12 அங்குலச் சக்கரம் உள்ள ஜூபிடர் போன்றதைப் பாருங்கள். எலெக்ட்ரிக் வண்டியில் இன்ஜின் நடுக்கம் கிடையாது, அது சுகம்தான். ஆனால் ரோட்டு அடி அதே அடி. ஐக்யூப் மாதிரி மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருந்தால் மேலே சொன்ன கனத்தின் கதை அங்கேயும் உண்டு.

புல்லட் சொல்கிறவர்களும் பொய் சொல்லவில்லை. கனமான வண்டி சின்னச் சின்ன மேடுபள்ளத்தை அமுக்கிக்கொண்டு போகும், ஓடும்போது முதுகுக்கு இதமாகவே இருக்கும். சிக்கல் நின்ற பிறகு. புல்லட் ரகத்தில் கிளாசிக் 350 எடை 195 கிலோ, ஹன்டர் 350 கூட 181 கிலோ. ஆபீஸ் பார்க்கிங்கில் இரண்டு வண்டிக்கு நடுவிலிருந்து அதைப் பின்னால் தள்ளி எடுக்க வேண்டும். கற்றுக்கொள்கிறவர் ஒரு தடவையாவது வண்டியைச் சாய்ப்பார். சாய்கிற 195 கிலோவைப் பிடிக்க இடுப்பைத் திருப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருடம் ஓட்டிப் பழகிய பிறகு ஆசை இருந்தால் பாருங்கள். பட்டறைக்கு வரும் முதுகு வலிக்காரர்களை விசாரித்தால், ஓட்டும்போது பிடித்துக்கொண்டது என்பவரைவிட நிறுத்தும்போது பிடித்துக்கொண்டது என்பவர்தான் அதிகம். நானும் அப்படித்தான் முதலில் மாட்டினேன். கஸ்டமர் வண்டி ஒன்று வரிசையில் கோணலாக நின்றது. பின் கம்பியைப் பிடித்துத் தூக்கி ஓரமாக நகர்த்தினேன். களுக்கென்று ஒரு சத்தம். நூறு கிலோ வண்டிதான்.

ஆக மிஞ்சுவது 100 முதல் 125 சிசி வரையிலான சாதாரண கம்யூட்டர் பைக். பார்க்க ஒன்றும் இருக்காது. பால்காரரும் கூரியர்காரரும் ஓட்டுகிற வண்டி. அவர்கள் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்ட அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். ஹேண்டில் பார் உயரமாக, நெஞ்சு நிமிர்ந்து, முழங்கை லேசாக மடங்கி, பாதம் உடம்புக்குக் கீழே. ஸ்போர்ட்ஸ் பைக்கில் தாழ்ந்த ஹேண்டில், பின்னால் தள்ளிய ஃபுட்ரெஸ்ட். முன்னால் குனியக் குனிய இடுப்பு வட்டமாக வளையும், டிஸ்க்குக்குப் பிடிக்காத வளைவு அது. கொஞ்சம் முன்சாய்வு தப்பில்லை. இடுப்பிலிருந்து சாய வேண்டும், முதுகு வளையக்கூடாது.

பெயர் சொல்லிக் கேட்டால், உங்களுக்கு என் முதல் தேர்வு ஷைன் 125. சுமார் 114 கிலோ, சீட் உயரம் 791 மில்லிமீட்டர், 18 அங்குலச் சக்கரம். உங்கள் உயரத்துக்கு இரண்டு பாதமும் தரையில் நன்றாக ஊன்றும். இன்ஜின் நடுக்கமும் குறைவு. ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸும் 112 கிலோ, 785 மில்லிமீட்டர், அதே 18 அங்குலம். எந்த மூலையிலும் ரிப்பேர் பார்க்கலாம். இன்னும் லேசாக வேண்டுமென்றால் ஷைன் 100, சுமார் 99 கிலோ. சக்கரம் 17 அங்குலம்.

பிளாட்டினாவைச் சொன்னால் சிட்டியில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முன் ஃபோர்க்கும் பின் ஷாக்கும் ஏறி இறங்கும் தூரம் அதிகம், சீட் நீளமாக மெத்தென்று இருக்கும், கிராமத்து மண் ரோட்டை நினைத்துச் செய்த வண்டி. வேளச்சேரி பக்கத்து ரோட்டை நினைத்தால் நமக்கும் அதுதானே தேவை? பிளாட்டினா 100-இல் சீட் 807 மில்லிமீட்டர், கொஞ்சம் உயரம். உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

யூனிகார்ன் தனிக் கதை. 2004-இல் வந்தபோதே பின்னால் ஒற்றை ஷாக்கோடு வந்த வண்டி, முதுகு வலிக்காரர்கள் மத்தியில் அதற்கு ஒரு ரசிகர் கூட்டமே உண்டு. ஓடும்போது இந்தப் பட்டியலில் அதுதான் சிறந்தது என்பேன். ஆனால் 139, 140 கிலோ வருகிறது. ஒரு வருடம் பழகியவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்; முதல் வண்டியாகச் சொல்லத் தயங்குகிறேன்.

ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐந்து நிமிடத்தில் எல்லா சீட்டும் சுகமாகத்தான் இருக்கும். வித்தியாசம் தெரிவது இருபத்தைந்தாவது நிமிடத்தில். உங்களிடம் லைசென்ஸ் இல்லை, ஒரு விதத்தில் அது நல்லது. முதலில் எல்எல்ஆர், அதாவது பழகுவதற்கான லைசென்ஸ், போடுங்கள். அது ஆறு மாதம் செல்லும், முப்பது நாள் கழித்துத்தான் எட்டு போடவே போக முடியும். அந்த ஒரு மாதம் நண்பர் ஒருவரின் பழைய ஸ்ப்ளெண்டரையோ ஷைனையோ எல் போர்டு மாட்டி, அவரைப் பின்னால் உட்காரவைத்து, காலையில் காலி மைதானத்தில் ஓட்டிப் பழகுங்கள். சாய்ந்தால் பழைய வண்டி சாயட்டும். எல்எல்ஆர் போடும்போதே கியர் வண்டிக்கு என்று போடுங்கள். கியர் இல்லாத வண்டிக்கு வாங்கிய லைசென்ஸில் பைக் ஓட்ட முடியாது.

அந்த மாதத்தில் எட்டு போடப் பழகுவதோடு எழும்பவும் பழகுங்கள். மேடோ பள்ளமோ வருகிறது என்றால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டுவிட்டு, முழங்காலால் டேங்கை லேசாக அணைத்து, ஃபுட்ரெஸ்ட்டை மிதித்து பிட்டத்தைக் காகித கனத்துக்குத் தூக்கினால் போதும். எழுந்து நிற்க வேண்டாம். பின் சக்கரம் தாண்டியதும் உட்காருங்கள். முதல் வாரம் ஒவ்வொன்றுக்கும் யோசிப்பீர்கள், அப்புறம் கால் தானாகச் செய்யும்.

வண்டி வாங்கிய பிறகு செய்ய வேண்டியவை, வாங்குவதைவிட முக்கியம் என்று சொன்னால் மிகையில்லை. முதலாவது காற்று. பங்க்கில் கேட்காமலே 35, 40 என்று அடித்துவிடுவார்கள். டயர் கல்லாகிவிடும். 125 சிசி வண்டியில் ஒருவர் மட்டும் போனால் முன்னே 25, பின்னே 28 அல்லது 29 பிஎஸ்ஐ போதும். உங்கள் வண்டிக்கு உரிய அளவு அதிலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். வாரம் ஒரு தடவை பாருங்கள். "முதுகு வலிக்குது, ஷாக்கை மாத்துங்க" என்று என்னிடம் வந்தவர்களில் பலருக்குக் காற்றை மட்டும் இறக்கி, காசு வாங்காமல் அனுப்பியிருக்கிறேன்.

அடுத்து பின் ஷாக். அடியில் படிப்படியாக வெட்டிய வளையம் இருக்கும், பெரும்பாலான வண்டிகளில் ஐந்து படி. ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் ஸ்பிரிங் இறுகும் அல்லது தளரும். உங்கள் எடைக்குத் தனியாகப் போகும்போது முதல் படியோ இரண்டாவதோ சரியாக இருக்கும். பெரிய பள்ளத்தில் டங்கென்று அடியில் இடித்தால் ஒரு படி ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கிறதா என்று மறக்காமல் பாருங்கள். டெலிவரியிலேயே மாறி இருந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஹேண்டில் பாரின் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி உங்கள் பக்கமாக லேசாகத் திருப்பலாம். ஓர் அங்குலம் கிட்டே வந்தாலும் தோள் இறங்கிவிடும். சீட் சரிப்படவில்லை என்றால் உடனே ஜெல் குஷன் வாங்காதீர்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி இடங்களில் சீட் தைப்பவர்கள் ஃபோமை மாற்றிக் கொடுப்பார்கள். ரொம்ப மெத்து வேண்டாம்; இருபது நிமிடத்தில் அமுங்கி அடிப்பலகை குத்தும். கொஞ்சம் கெட்டியான ஃபோம், முன்னால் டேங்கை நோக்கிச் சரியாத மட்டம். வழுக்கிக்கொண்டே முன்னால் வரும் சீட்டில் தினமும் இடுப்பு வளையும்.

டபுள் ஸ்டாண்டு போடுவதைத் தவிர்த்து சைடு ஸ்டாண்டிலேயே நிறுத்துங்கள். போட்டே ஆகவேண்டும் என்றால் கையால் இழுக்கக் கூடாது. ஸ்டாண்டின் இரண்டு காலும் ஒன்றாகத் தரையைத் தொட்டதும், முழு எடையோடு அதன் மேல் ஏறி நிற்பது போல மிதியுங்கள்; வண்டி தானாக ஏறும், கை வழிகாட்டினால் போதும். செல்ஃப் இல்லாத வண்டி வாங்க வேண்டாம். கிக்கர் உதைக்கும்போது இடுப்பு திருகிக்கொள்ளும். அதுவும் காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் தள்ளுவது, உதைப்பது எதுவுமே வேண்டாம். ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் நீர் உறிஞ்சி உப்பி இருக்கும், அந்த நேரத்தில் குனிந்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ராத்திரியே வண்டியை வெளியே பார்த்தபடி திருப்பி நிறுத்திவிடுங்கள்.

லேப்டாப் பை முதுகில் தொங்கினால் மூன்று நாலு கிலோ தோளை இழுக்கும். வாரைத் தளர்த்தி அடிப்பாகம் பின் சீட்டில் உட்காரும்படி விடுங்கள், அல்லது பின் சீட்டில் எலாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டுங்கள். பின் பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுத்துவிடுங்கள்; ஒரு பக்கம் உயர்ந்த இடுப்போடு முக்கால் மணி நேரம் உட்கார்வது எவ்வளவு கெடுதல் என்று பர்ஸை எடுத்த பிறகுதான் தெரியும். இடுப்பு பெல்ட் ஆரம்பத்தில் பயண நேரத்துக்கு மட்டும் போடலாம், அதுவும் பிசியோதெரபிஸ்ட் சொன்னால். முதல் ஆறு மாதம் யாரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டாம்.

முதல் மாதம் வாரத்தில் ஐந்து நாளும் ஓட்டாதீர்கள். ஒரு நாள் வண்டி, ஒரு நாள் பஸ். பாதி வழியில் வேளச்சேரியில் ஒரு டீக்கடை பார்த்துவைத்து, இறங்கி இரண்டு நிமிடம் நில்லுங்கள், டீ குடிக்காவிட்டாலும் பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ரோட்டில் தண்ணீர் நின்றால் வண்டியை எடுக்கவே வேண்டாம். பள்ளம் தண்ணீருக்கு அடியில் இருக்கும்போது எங்கே எழும்புவது என்று யாருக்குத் தெரியும்?

வண்டியை விட்டு இறங்கிய பிறகு வலி அரை மணி நேரத்தில் தணிந்தால் உடம்பு பழகிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மறுநாள் காலைவரை நின்றாலோ, காலுக்குள் இறங்கினாலோ ஓட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். இரண்டு தொடைக்கும் இடையில் மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போவது அல்லது வராமல் நிற்பது, பாதம் தூக்க முடியாமல் இழுபடுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், காரிலோ ஆம்புலன்ஸிலோ, படுத்தபடி.

இடது காலா வலது காலா என்பதையும், வீட்டில் வண்டி நிறுத்துகிற இடம் சரிவா சமமா என்பதையும் எழுதுங்கள். சரிவு என்றால் ஷைன் 125-க்குப் பதில் அந்த 99 கிலோ வண்டியையே சொல்ல வேண்டியிருக்கும்.